ஏழாவது பொருள்

மூடிக்காரரைப் பத்தி யாராவது கேட்டா எனக்கு முதல்ல கோபம்தான் வரும். பாவம்னு தோணறதெல்லாம் அப்புறம். அதனால கோபத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கணும்.

நான் ஒரு வக்கீல் ஆபீஸ்ல தட்டச்சு வேலை பாக்கிறவ. இருபத்திரண்டு வருஷமா அதே மாடி, அதே ஜன்னலோரம். முதல்ல பெரிய வக்கீல்கிட்ட இருந்தேன். அவர் காலமானப்புறம் அவர் மகன். இந்த மகன் மூக்கு ஒழுக என் மேஜைக்கடியில விளையாடினதைப் பாத்தவ நான். கட்சிக்காரங்க முன்னால ‘சார்’னு கூப்பிடுவேன், அவங்க படியிறங்கினதும் ‘தம்பி’தான். அவன் எப்பவும் ‘அக்கா’ம்பான்.

மூடிக்காரர் தக்காளி சாஸ் செஞ்சு விக்கிறவர். வயசு அறுபதைத் தொட்டிருக்கும். நல்ல உயரம், ஒல்லி, பேசறதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் ஒரு தடவை பாத்துக்குவார். அவர் சாஸுக்குப் பேர் கிடையாது. பாட்டில்ல வெள்ளைச் சீட்டு, அதுல ‘சாஸ்’னு மட்டும் இருக்கும். கீழ பொடி எழுத்துல தக்காளி, சர்க்கரை, வினிகர், உப்பு, வாசனைப் பொருட்கள். அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைக்குள்ளதான் மனுஷன் வாழ்க்கை பூரா குடியிருந்தார். மூடி நல்ல சிவப்பு. கடையில ஜனங்க ‘அந்தச் சிவப்பு மூடி ஒண்ணு கொடுங்க’ன்னு கேட்டுக் கேட்டு, அவருக்கும் மூடிக்காரர்னே பேர் நிலைச்சிடுச்சு. ருசியைப் பத்தியும் சொல்லிடறேன், இல்லாட்டி நன்றிகெட்டவ ஆயிடுவேன். எங்க வீட்டுல அந்த பாட்டிலைத் தலைகீழா நிறுத்தி வச்சு, கடைசிச் சொட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கிற ஆளுங்க நாங்க.

ஒருநாள் காலையில அவர் ஆபீஸ் படியேறி வந்தார். பையிலேர்ந்து செய்தித்தாள்ல சுத்தின ரெண்டு பாட்டிலை எடுத்துத் தம்பி மேஜை மேல வச்சார். ஒண்ணு அவரோட சிவப்பு மூடி. இன்னொண்ணு பச்சை மூடி, பெரிய கம்பெனிச் சீட்டு ஒட்டினது.

“என்னோடதைத் திருடிட்டாங்க” அப்படின்னார். “ருசி அச்சு அசல் அதேதான். இதுக்குச் சட்டத்துல என்ன வழி இருக்கு, சொல்லுங்க.”

தம்பி புதுசா படிச்சவன், எதையும் விரலை மடக்கி மடக்கித்தான் சொல்லுவான். முதல் விரல் பேட்டன்ட். புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சா, இத்தனை வருஷத்துக்கு இது உனக்கு மட்டும்னு அரசாங்கம் எழுதிக் கொடுக்கும். ஆனா அதுக்குச் செய்முறையை ஒண்ணுவிடாம எழுதி நீட்டணும், ஊர்ல யார் வேணும்னாலும் அதைப் படிக்கலாம், கெடு முடிஞ்சா யார் வேணும்னாலும் செய்யலாம்.

“எழுதிக் கொடுக்கணுமா” அப்படின்னு மூடிக்காரர் நாற்காலியைப் பின்னால தள்ளினார்.

“கொடுத்தாலும் எடுபடாதுங்க ஐயா. இருபத்திநாலு வருஷமா கடைகடையா வித்துட்டு, இப்ப போய் இது புதுசுன்னு எந்த முகத்தோட நிக்கிறது?”

ரெண்டாவது காப்பிரைட். அது எழுதின வார்த்தைக்குத்தான் காவல், ருசிக்கு இல்ல. நீங்க எழுதினதை ஒருத்தன் வரிக்கு வரி அச்சடிச்சு வித்தா தப்பு. அதைப் படிச்சுட்டு அடுப்புல சட்டியை ஏத்தினா தப்பே இல்ல. “நான்தான் செய்முறையை எழுதறதே இல்லையே”ன்னார் இவர். அப்ப அந்தப் பேச்சையே விட்டுடலாம்னான் தம்பி.

மூணாவது டிரேட்மார்க். பேருக்கும் சின்னத்துக்கும் காவல். உங்க பேரையோ அது மாதிரி ஒண்ணையோ இன்னொருத்தன் போட்டு வித்தா கேக்கலாம். “பேரே வைக்கலைங்க”ன்னார். என் வாய் சும்மா இருக்குமா. “பெத்து இருபத்திநாலு வருஷம் ஆச்சு, இன்னுமா பேர் வைக்கலை?”ன்னு கேட்டுட்டேன். நானும் திருட்டுக் கும்பல்ல ஒருத்திங்கிற மாதிரி என்னைப் பாத்தார்.

நாலாவது, வணிக ரகசியம். அதைத் தம்பி நிதானமா சொன்னான். வாயை மூடி வச்சிருக்கிற வரைக்கும் ரகசியம் உங்களுது, அதுக்குக் கெடு கிடையாது. ஆனா வழக்குன்னு போனா ரெண்டைக் காட்டணும். ஒண்ணு, நீங்க அதைப் பொத்திப் பொத்திக் காத்தீங்கன்னு. ரெண்டு, அவங்க கைக்கு அது தப்பான வழியில போச்சுன்னு. பூட்டை உடைச்சிருக்கணும், இல்ல நீங்க நம்பிச் சொன்ன ஆள் வாக்கு மீறிச் சொல்லியிருக்கணும். கடையில பாட்டிலை வாங்கி, நாக்குல வச்சுப் பாத்து, அவங்களாவே கண்டுபிடிச்சிருந்தா சட்டம் ஒண்ணும் கேக்காது.

“பொத்திக் காத்ததுக்கு ஆதாரம் இருக்குங்களா?”

அன்னைக்கு முதல் தடவையா அவர் முகம் தெளிஞ்சுது. “வந்து பாருங்க” அப்படின்னார்.

பாத்துப் பட்டியல் எழுதிக்கிட்டு வரச்சொல்லித் தம்பி என்னை அனுப்பினான். பஸ் டிப்போவுக்குப் பின்னால ஒரு சந்து, சந்துக்கடைசியில இரும்புக் கதவு. முன்னறையில மூணு பொம்பளைங்க பாட்டில் கழுவி, சாஸ் நிரப்பி, சீட்டு ஒட்டிக்கிட்டிருந்தாங்க. அந்த அறைக்கும் உள்ளறைக்கும் நடுவுல சுவர், சுவர்ல ஒரு முழச் சதுரத்துக்கு ஒரு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு மரப்பலகை. உள்ள இருந்து ரெண்டு தட்டு தட்டினா சூடான அண்டா வருதுன்னு அர்த்தம். ஒரு தட்டுன்னா காலி அண்டாவைக் கொடுங்கன்னு அர்த்தம். பேச்சே கிடையாது. ஒன்பது வருஷமா அங்க வேலை பாக்கிற மூத்த பொம்பளை என் காதுல சொன்னா, “அவர் கையை எங்க பாத்தாலும் அடையாளம் சொல்லுவேன்மா. முகத்தைத் தெருவுல பாத்தா சட்டுனு தெரியாது.”

உள்ளறைக்கு மூணு பூட்டு. ஜன்னலுக்குத் தகரம் அடிச்சு வச்சிருந்தார். சாமான் டப்பா எதுலயும் பேர் கிடையாது, நம்பர்தான். சாமான் வாங்கறது ஏழு கடையில, ஒரு கடைக்காரனுக்கும் முழுசா தெரியக்கூடாதாம். அது பத்தாதுன்னு வேண்டாத சாமானும் அஞ்சு வாங்குவாராம். அதைத் தூரத்துல எங்கயோ கொண்டுபோய்க் கொட்டிட்டு வருவாராம்.

“எதுக்குங்க ஐயா?”

“வேவு பாக்கிறவன் குழம்பட்டும்னுதான்.”

அதோட விட்டாரா. அலமாரியில ஒண்ணு, தலையணைக்கடியில ஒண்ணு, பரண்மேல ஒண்ணுன்னு அஞ்சு இடத்துல அஞ்சு பட்டியல் எழுதி வச்சிருந்தார். அஞ்சும் பொய். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு வேண்டாத சாமான் சேத்திருந்தார். திருடன் வந்தா எடுத்துட்டுப் போகட்டும்னு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க, இவர் பேய்க்குப் பாய் விரிச்சு வேற வச்சிருந்தார்.

மாடியில அவர் குடியிருக்கிற அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். நாற்காலி மட்டும் ரெண்டு. ரெண்டாவது நாற்காலி மேல அட்டைப்பெட்டி அடுக்கியிருந்துச்சு. “உக்காருங்கம்மா”ன்னுட்டு அந்தப் பெட்டிங்களைத் தூக்கினவர், அதை எங்க வைக்கிறதுன்னு தெரியாம அறை நடுவுல நின்னார். யாராவது வந்து உக்காந்து எத்தனை வருஷம் ஆச்சோ. பரவாயில்லைங்கன்னுட்டு நின்னுக்கிட்டே எழுதினேன். எங்க வீட்டுல உக்கார இடமில்லாம சண்டை நடக்கும். அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தச் சண்டையை நான் ரொம்ப நேரம் வேடிக்கை பாத்தேன்.

பட்டியலைப் பாத்துட்டுத் தம்பிக்குத் தலைகால் புரியலை. “அக்கா, இந்த மாதிரி ஆதாரம் புஸ்தகத்துல கூட இல்ல”ன்னான். மறுநாள் மூடிக்காரர் வந்து உக்காந்ததும் பேனாவைத் திறந்துக்கிட்டு, “இப்பச் சொல்லுங்க, இது வேற யாருக்குத் தெரியும்?”னு கேட்டான்.

“யாருக்கும் தெரியாது.”

“வேலையாளுங்களுக்கு?”

“தெரியாது.”

“பூட்டு எப்பவாவது உடைஞ்சிருக்கா?”

“ஒருநாளும் இல்ல.”

தம்பி பேனாவை மூடிட்டான். “ஐயா, கோவிச்சுக்காதீங்க. யாரும் உடைக்கலை, யார்கிட்டயும் நீங்க சொல்லலை. அப்ப யார் மேல கேஸ் போடறது? நம்பிக்கைத் துரோகம்னு கோர்ட்டுக்குப் போகணும்னா, யாரையாவது ஒருத்தரை நம்பியிருக்கணுமே.”

மூடிக்காரர் சட்டைப்பையிலேர்ந்து நாலா மடிச்ச ஒரு பழைய காகிதத்தை எடுத்தார். அதைப் பாத்ததும் எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. எங்க பழைய மெஷின்ல ‘ர’ மட்டும் ஒரு நூல் உசந்து விழும். அந்தக் காகிதத்துல எல்லா ‘ர’வும் உசந்திருந்துச்சு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால நான் அடிச்சது. ‘எனக்குச் சொல்லப்படும் செய்முறையை எவரிடமும் வெளியிடமாட்டேன்’னு நாலே வரி. கீழ ஒரு பொம்பளை கையெழுத்து.

“இவங்க யாரு?”

“என் பெண்டாட்டி” அப்படின்னார். “பதினோரு வருஷம் ஆச்சு, பிரிஞ்சு போயிட்டா.”

எனக்கு அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்துச்சு. கையெழுத்துப் போடப்போறது சம்சாரம்னு அன்னைக்கு அவர் எங்ககிட்ட சொல்லலை, ‘ஒருத்தங்க’ன்னுதான் சொன்னார். பெரிய வக்கீல் காகிதத்தை அவர் கையில கொடுக்கும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னார், “கையெழுத்து வாங்கினதும் சொல்லிடுப்பா. இந்தக் காகிதம் தைரியமா சொல்றதுக்குத்தான். சொல்லாம இருக்கறதுக்குக் காகிதம் எதுக்கு?”

தம்பி முகத்துல மறுபடி விளக்கு எரிஞ்சுது. “அப்ப இவங்களுக்குத் தெரியும். நீங்க சொன்னீங்க, அவங்க வாக்குக் கொடுத்தாங்க, இப்ப அதே ருசி வெளியில வந்திருக்கு. வழி கிடைச்சாச்சுங்க ஐயா.”

“சொன்னேன்” அப்படின்னார் மூடிக்காரர். “ஒருநாள் மத்தியானம் உக்கார வச்சு, எல்லாப் பொருளையும் அளவோட சொன்னேன். ஆனா…”

“ஆனா?”

“உண்மையைச் சொன்னேனா, அந்த அஞ்சு பொய்ப் பட்டியல்ல ஒண்ணைச் சொன்னேனா, எனக்கே ஞாபகம் இல்ல.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. கட்டின பெண்டாட்டிக்கிட்ட நிஜம் பேசினோமா பொய் பேசினோமான்னு ஒரு மனுஷனுக்கு மறந்து போகுமா? கேட்டே விட்டேன். தம்பி கண்ணைக் காட்டினான், நான் அடங்கலை. அவர் என்னைப் பாத்துத்தான் பதில் சொன்னார். “உண்மையைச் சொல்லணும்னுதான்மா உக்காந்தேன். அதுமட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. வாயைத் திறந்தப்ப எது வந்துச்சுன்னு தெரியலை. அப்புறம் எத்தனையோ பேர் கேட்டாங்க, எத்தனையோ விதமா சொன்னேன். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு.”

சட்டப்படி பாத்தா விஷயம் நேர்தான். அந்தம்மாவுக்கு உண்மை தெரிஞ்சிருந்தா வழக்கு உண்டு, பொய்தான் சொல்லியிருந்தா வழக்கே இல்ல. தம்பிக்கு அவ்வளவுதான் கணக்கு. மூடிக்காரருக்குக் கணக்கு வேறன்னு அந்தம்மாவுக்கு நோட்டீஸ் அடிக்கும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு என் மேஜைகிட்ட வந்து நின்னார்.

“இது கிடைச்சா அவ வருவாளாம்மா?”

“வரலாம், வக்கீல் வச்சுப் பதில் போடலாம். ஏன்?”

“வந்தா கேக்கலாம். அன்னைக்கு என்ன சொன்னேன்னு அவளுக்கு ஞாபகம் இருக்கும்.” கொஞ்சம் பொறுத்து, “நிஜத்தைச் சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்” அப்படின்னார்.

யோசிச்சுப் பாருங்க. நிஜத்தைச் சொல்லியிருந்தா அவங்க துரோகின்னு ஆகுது. அப்படி ஆனாலும் சரி, வாழ்க்கையில ஒருத்தரையாவது நம்பியிருந்தேன்னு தெரிஞ்சா போதும்னு நின்னுக்கிட்டிருந்தார் அந்த மனுஷன். அதுக்கப்புறம் என் கோபம் பாதியாயிடுச்சு. முழுசா போகலை.

பத்தாவது நாள் அந்தம்மா நேர்லயே வந்துட்டாங்க. வக்கீல் கிக்கீல்லாம் இல்ல. ரெண்டு மணி நேரப் பயணத்துல இருக்கிற ஒரு ஊர்ல துணி தைக்கிற கடை வச்சிருக்காங்களாம். கழுத்துல அளவெடுக்கிற டேப்பு தொங்கிட்டிருந்துச்சு, கழட்ட மறந்துட்டாங்க போல. மூடிக்காரரைப் பாத்து, “இளைச்சுட்டீங்க”ன்னு மட்டும் சொல்லிட்டு எதிர் நாற்காலியில உக்காந்தாங்க. இவர் ‘ம்’னார்.

தம்பி ஆரம்பிச்சான். “அம்மா, இவர் உங்ககிட்ட சொன்ன செய்முறை உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா?”

“இருக்கு.”

“சொல்ல முடியுமா?”

“முடியாது. இங்க நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.” என்னைப் பாத்து, “ஒரு தாள் கொடுங்கம்மா. எழுதி அவர்கிட்ட மட்டும் காட்டறேன்” அப்படின்னாங்க.

மேஜை ஓரமா திரும்பி உக்காந்து, இடது கையால மறைச்சுக்கிட்டு எழுதினாங்க. பரீட்சையில பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாம எழுதுவோமே, அந்த மாதிரி. பதினோரு வரி. ஒரு இடத்துலயும் கை நிக்கலை. எழுதினதை அவர் முன்னால வச்சு, எங்க பக்கம் உள்ளங்கையை வேலி மாதிரி நிறுத்திக்கிட்டாங்க.

மூடிக்காரர் படிச்சார். மேலேர்ந்து கீழ வந்தவர் நடுவுல ஒரு இடத்துல நின்னுட்டார். அதுக்குக் கீழ அவர் போகவே இல்ல.

“அதேதானா ஐயா?” தம்பியால பொறுக்க முடியலை.

அந்தம்மாதான் மெதுவா விரலை நீட்டி ஒரு வரி மேல வச்சாங்க. “இதானே?”

மூடிக்காரர் தலையை ஆட்டினார். அப்புறம் தம்பியைப் பாத்து, “இல்லைங்க. இது பொய்ப் பட்டியல். ஏழாவது பொருள் கிடையாது”ன்னார்.

“இது பொய்னு உனக்குத் தெரியுமா?”ன்னு அவங்களைக் கேட்டார்.

“தெரியும். உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் கிடந்தீங்களே, அப்பத்தான் தெரிஞ்சுது.” அந்தம்மா குரல்ல கோபமே இல்ல, அதான் எனக்குத் தாங்கலை. “கடைக்காரங்க சரக்கு கேட்டாங்க. நம்மகிட்டதான் செய்முறை இருக்கேன்னு நான் உங்க சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டு உள்ள போய் அடுப்பு மூட்டினேன். ஒரு அண்டா செஞ்சேன். கசந்துது. என் கைதான் தப்புன்னு நினைச்சு மறுபடி செஞ்சேன், மறுபடி கசந்துது. ரெண்டு அண்டாவையும் சாக்கடையில கொட்டிட்டு ராப்பூரா உக்காந்திருந்தேன். விடிஞ்சதும் ஒவ்வொரு பொருளா விட்டுட்டு விட்டுட்டுச் சின்னச் சட்டியில வச்சுப் பாத்தேன். இதை விட்டதும் சரியா வந்துச்சு. ஒன்பது நாளும் நான் செஞ்சதுதான் கடைக்குப் போச்சு. ஒருத்தரும் வித்தியாசம் சொல்லலை.”

“பழைய சரக்கு வித்துதுன்னு சொன்னியே.”

“நீங்க வாயைத் திறந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். ‘அன்னைக்கு ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன், இதைப் போடாதே’ன்னு ஒரு வார்த்தை. அதுக்காக ரெண்டு வருஷம் இருந்தேன்.”

நான் மெஷின் மேல கையை வச்சுக்கிட்டு எதையும் அடிக்காம உக்காந்திருந்தேன்.

தம்பி தொண்டையைச் செருமினான். வக்கீல் புத்தி போகுமா. “அப்ப உங்களுக்கு நிஜமான செய்முறை தெரியும்…”

“யார்கிட்டயும் சொல்லலை. என் வீட்டுல கூடச் செஞ்சதில்ல.” அவங்க மேஜை மேல இருந்த பச்சை மூடி பாட்டிலை எடுத்தாங்க, திறந்தாங்க, புறங்கையில ஒரு சொட்டு விட்டு நாக்குல வச்சாங்க. “இதுவா? கிட்ட வருது, அவ்வளவுதான். புளிப்புக்கு வேற என்னமோ போட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரியலையா?”

பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாங்க. அவரும் ஒரு சொட்டு எடுத்தார். கண்ணை மூடிக்கிட்டார். எனக்குத் தெரிஞ்சு அவர் அந்தச் சாஸை நிஜமா ருசி பாத்தது அப்பத்தான். அதுக்கு முன்னால பயத்தைத்தான் நக்கிப் பாத்திருக்கார். “ஆமா, வேறதான்” அப்படின்னார்.

கிணறு வெட்டப்போய் பூதம் கிளம்பின கதையா ஆயிடுச்சு. தம்பி பாவம், கேஸ் கட்டை எடுத்து ஓரமா வச்சுட்டான். அந்தப் பழைய காகிதத்தை அந்தம்மா பக்கம் நகர்த்தி, நேர்மையா ஒண்ணு சொன்னான். “அம்மா, இது உங்களைக் கட்டுப்படுத்தாது. அவர் சொன்னதை வெளியிடமாட்டேன்னுதான் இதுல இருக்கு. அவர் உங்ககிட்ட உண்மையைச் சொல்லவே இல்ல. நீங்களா கண்டுபிடிச்சது உங்களுது. நீங்க நாளைக்கே கடை போட்டாலும் யாரும் கேக்க முடியாது.”

அவங்க அந்தக் காகிதத்தை எடுத்துப் பாத்தாங்க. திருப்பி மேஜை மேலயே வச்சாங்க. “எனக்கு எதுக்குங்க அதெல்லாம்” அப்படின்னு எந்திரிச்சாங்க. பதினோரு வரி எழுதின தாளை மட்டும் மறக்காம நாலாக் கிழிச்சு, எட்டாக் கிழிச்சு, பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. அதை வெளியில போய்த்தான் எறிவாங்களாம்.

மூடிக்காரர் படி வரைக்கும் பின்னாடியே போனார். “நிஜத்தை நான் இப்பச் சொல்றேன்” அப்படின்னார். எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

“இப்ப எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே” அப்படின்னாங்க. “பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

வழக்கு அதோட முடிஞ்சுது. தம்பி சொன்னதுல ஒண்ணே ஒண்ணு உருப்படியா நடந்துச்சு. டிரேட்மார்க். ‘சிவப்பு மூடி’ங்கிற பேருக்கும் அந்த மூடிப் படத்துக்கும் மனு போட்டோம். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாதும்பாங்க. அந்த ஊர்வாய் இருபது வருஷம் முன்னாலயே வச்ச பேர்தான் கடைசியில அவருக்குச் சட்டப்படி ஆச்சு.

அந்த மனுவுல கையெழுத்து வாங்கறதுக்கு மறுபடி அந்தச் சந்துக்குப் போனேன். உள்ளறைக் கதவு அகலத் திறந்து கிடந்துச்சு. மூணு பூட்டும் கொக்கியில சும்மா தொங்குது. ஜன்னல் தகரத்தையும் எடுத்துட்டார். மூணு பொம்பளைங்களும் முன்னறையிலேயேதான் இருந்தாங்க. “உள்ள வரச்சொல்லிட்டார்மா, எங்களுக்குத்தான் கால் வரமாட்டேங்குது”ன்னா மூத்தவ. நான் நிக்கும்போதே பலகையில ரெண்டு தட்டு கேட்டுச்சு. கதவு திறந்திருக்கு, அண்டா ஓட்டை வழியாத்தான் வந்துச்சு.

அதுக்கு அடுத்த வாரம் அவர் ஆபீஸுக்கு வந்து, ஒரு கடிதம் அடிக்கணும்னார். பெஞ்சுல ரெண்டு கட்சிக்காரங்க காத்துக்கிட்டிருந்தாங்க. கதவைச் சாத்தவான்னு கேட்டேன். வேண்டாம்னார். எல்லார் காதுலயும் விழற மாதிரி நிதானமா சொன்னார்: ‘அன்று சொன்னதில் ஏழாவது பொருள் தவறு.’ அந்தப் பொருள் பேரையும் வாய்விட்டுச் சொன்னார். ‘அதைப் போடாதே. இது நான் அன்றே சொல்லியிருக்க வேண்டியது.’ அவ்வளவுதான் கடிதம். அடிச்சு முடிச்சுக் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபால்ல நான்தான் கொண்டுபோய்ச் சேத்தேன்.

அது என்ன பொருள்னு கேக்காதீங்க. எங்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கலை, ஆனாலும் சொல்லமாட்டேன்.

எட்டாம் நாள் ஒப்புதல் சீட்டு திரும்பி வந்துச்சு. கீழ அந்தம்மா கையெழுத்து. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால நான் அடிச்ச காகிதத்துல இருந்த அதே கையெழுத்து, கொஞ்சம்கூட மாறலை. மூடிக்காரர் அதை வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டார்.

அப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வர ஆரம்பிச்சார். சாஸ் கொடுத்துட்டுத் திரும்பற வழிதானாம். பதில் இங்கதான் வரணும்னு அவராவே நினைச்சுக்கிட்டார், கடிதம் எங்க ஆபீஸ் உறையில போனதால. வந்ததும் என் மேஜைகிட்ட நிப்பார்.

“ஏதாவது வந்துச்சாம்மா?”

“இல்லைங்க ஐயா.”

“கடிதம் கிடைச்சிருக்குல்ல?”

“கிடைச்சிருக்குங்க. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே.”

“ஆமா” அப்படிம்பார். நான் முன்னாடியே ஒரு நாற்காலியைக் காலி பண்ணி வச்சிருப்பேன். அதுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு, பாட்டில் பையை எடுத்துக்கிட்டுப் படியிறங்கிப் போவார். இப்ப ஒரு வருஷம் ஆகப்போகுது.